97 மாருதி 800: திம்பம் ஏறும்போது அணைந்துவிடுகிறது. பழைய வண்டியைத் தாங்களே பார்ப்பவர்கள் வழி சொல்லுங்க

ஈரோடு எண்ணூறு:

வணக்கமுங்க. வண்டி 1997 மாருதி 800, கார்புரேட்டர், ஏ.சி. கிடையாது. சமவெளியில ஒரு குறையும் சொல்ல முடியாது. சத்தி ரோட்டுல எழுபதுல போனாலும் அலுங்காம போகுது. பண்ணாரி தாண்டி திம்பம் மலை ஏற ஆரம்பிச்சாத்தான் வம்பு. 27 கொண்டை ஊசி வளைவுல பாதி கூடத் தாண்டாது. இழுவை குறையும், ரெண்டு மூணு தடவை துள்ளும், அப்புறம் அணைஞ்சிடும். செல்ஃப் அடிச்சா எஞ்சின் நல்லா சுத்துது, ஆனா பிடிக்காது. பானெட்டைத் தூக்கி வச்சு அரை மணி நேரம் பராக்குப் பார்த்துட்டு வந்தா, ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுது.

ஒரு மெக்கானிக் கார்புரேட்டரைக் கழட்டிக் கழுவினார். இன்னொருத்தர் பிளக்கும் பிளக் ஒயரும் மாத்தினார். மூணாமத்தவர் "இதுக்கு மேல இதுல காசு போடாதீங்க, வந்த விலைக்குத் தள்ளிவிடுங்க"ன்னுட்டார். விக்கிற எண்ணம் இல்லீங்க. இனி நானே கத்துக்கிட்டுச் செய்யலாம்னு இருக்கேன். ஸ்பேனர் செட், ஜாக்கி, மல்டிமீட்டர் இருக்கு.

கூடவே கொஞ்சம் அப்கிரேடும் பண்ணணும். மனசுல இருக்கிறது: எல்.இ.டி. ஹெட்லைட், 145/80 டயர், அலாய் வீல், பாட்டுப் பொட்டி, சீட் கவர். நாற்பதாயிரம் ஒதுக்கி வச்சிருக்கேன். எதுல ஆரம்பிக்கலாம்?

நாலாம் கியர் (சென்னை):

ஃபியூவல் பம்ப் தல. கண்ணை மூடிக்கிட்டு மாத்து. புதுப்பேட்டை பழைய சாமான் கடைங்கள்ல கேட்டா கையில குடுப்பாங்க.

டிங்கர்தாசன் (சேலம்):

//கண்ணை மூடிக்கிட்டு மாத்து//

இப்படி மாத்தித்தான் அவரு ஏற்கெனவே பிளக், ஒயர், கழுவுற கூலின்னு செலவு பண்ணியிருக்காரு. கியரு, கொஞ்சம் பொறுங்க.

ஈரோட்டுத் தம்பி, ஓடுற வண்டி நிக்கிறதுக்கு ரெண்டே காரணம். ஒண்ணு பெட்ரோல் வரல, இல்லேன்னா கரண்ட் வரல. எதுன்னு வண்டி நின்ன இடத்துலயே, சூட்டோட சூடா பார்க்கணும். ஆறினதுக்கு அப்புறம் ஒர்க்ஷாப்புக்குக் கொண்டு போனா அங்க அது சமத்தாத்தான் நடந்துக்கும். அதனாலதான் மூணு பேரு பார்த்தும் பிடிபடல.

அடுத்த தடவை அணைஞ்ச உடனே சாவியை ஆஃப் பண்ணிட்டு ஏர் கிளீனர் மூடியைக் கழட்டுங்க. கார்புரேட்டர் வாய்க்குள்ள பார்த்துக்கிட்டே ஆக்சிலேட்டர் லிங்க்கைக் கையால சட்டுனு ஒரு தடவை இழுங்க. உள்ள மெல்லிசா ஒரு பெட்ரோல் தாரை பீய்ச்சி அடிக்கணும். அடிச்சா ஃப்ளோட் சேம்பர்ல (கார்புரேட்டருக்குள்ள பெட்ரோல் தேங்குற கிண்ணம்) பெட்ரோல் இருக்கு, நீங்க கரண்ட் பக்கம் போகலாம். அடிக்கலன்னா சேம்பர் காலி. பெட்ரோல் எங்கயோ வழியில நிக்குது.

அதே கையோட பின்னால போய் டேங்க் மூடியைத் திறங்க. 'புஸ்'னு காத்து உள்ள போற சத்தம் கேட்டா டேங்க்குக்கு மூச்சு வழி அடைச்சிருக்குன்னு அர்த்தம்.

பக்கத்துல யாரும் பீடி, சிகரெட் பிடிக்கக் கூடாது. மலையில நின்னா நாலு பேரு வேடிக்கை பார்க்க வருவாங்க, அதுல ஒருத்தன் நிச்சயம் பத்த வச்சிருப்பான்.

ஒயர்மேன்:

சேலத்தார் சொல்வது சரி. கூட ஒரு விஷயம். கரண்ட் போய் நிற்கும் வண்டி பெரும்பாலும் பட்டென்று நிற்கும், சுவிட்சை அணைத்தது போல. பெட்ரோல் தீர்ந்து நிற்கும் வண்டிதான் துள்ளி, இருமி, இழுவை குறைந்து நிற்கும். உங்கள் வண்டி துள்ளுகிறது என்கிறீர்கள். ஆனாலும் இக்னிஷன் காயிலை ஒதுக்கிவிட முடியாது. சூட்டில் உள்சுற்று அறுந்து, ஆறியதும் ஒட்டிக்கொள்ளும் காயில்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தீப்பொறி பார்க்க வேண்டி வந்தால் முதலில் ஏர் கிளீனரை மூடிவிட்டு, பிளக்கை கார்புரேட்டருக்குத் தள்ளி எஞ்சின் இரும்பில் அழுத்தி வைத்துப் பாருங்கள். பெட்ரோல் ஆவி நிற்கும் இடத்தில் தீப்பொறி விளையாட்டு வேண்டாம்.

புது டிரைவர்:

அண்ணா, என்னுது 2008 எம்.பி.எஃப்.ஐ. 800, கார்புரேட்டர் இல்லாத இன்ஜெக்டர் வண்டி. எனக்கும் இதே மாதிரி டெஸ்ட் பண்ணலாமா?

டிங்கர்தாசன்:

வேண்டாம் தம்பி. உங்க வண்டியில பம்ப் டேங்க்குக்குள்ள இருக்கு, கரண்ட்ல ஓடுறது. பைப்புல பெட்ரோல் அழுத்தத்தோட நிக்கும். ஹோஸைக் கழட்டினா மூஞ்சியில அடிக்கும். இந்த இழையில சொல்றது எல்லாம் கார்புரேட்டர் வண்டிக்கு. உங்க பிரச்சினையைத் தனியா எழுதுங்க, பார்ப்போம்.

ஈரோடு எண்ணூறு:

ஞாயித்துக்கிழமை வேணும்னே மதிய வெயில்ல கிளம்பினேனுங்க. சொல்லி வச்ச மாதிரி நின்னுச்சு. ஏர் கிளீனரைத் திறந்து லிங்க்கை இழுத்தேன். ஒரு சொட்டுக் கூட இல்லை. டேங்க் மூடியில 'புஸ்' சத்தமும் இல்லை.

அப்ப பம்ப் தானுங்களா?

நாலாம் கியர்:

முதல் பதில்லயே சொன்னேன். யாரு கேக்குறா.

கண்மணி (மதுரை):

கியர், பம்ப்பாகவும் இருக்கலாம். ஆனா பம்ப் கெட்டிருந்தா சமவெளியில எழுபதுல போகும்போதே தடுமாறணும், அங்கயும் பெட்ரோல் செலவு கம்மி இல்லையே. மலையில என்ன வித்தியாசம்? முதல் கியர், ரெண்டாம் கியர், எஞ்சின் சூடு ஜாஸ்தி, எதிர்க்காத்து கம்மி. பானெட்டுக்குள்ள எல்லாமே வேகும்.

800-ல பம்ப் எஞ்சின்லயே உட்கார்ந்திருக்கு, கேம்ல (எஞ்சினோட சுத்துற தண்டு) ஓடுற டயஃப்ராம் (ரப்பர் சவ்வு) பம்ப். டேங்க் கடைசியில. நடுவுல அவ்வளவு தூரமும் பம்ப் பெட்ரோலை *உறிஞ்சித்தான்* எடுக்கணும். உறிஞ்சுற பக்கம் ஹோஸ்ல விரிசல் இருந்தா வெளிய பெட்ரோல் சொட்டாது. காத்து உள்ள போகும். கீழ எட்டிப் பார்க்கிறவங்களுக்கு எல்லாம் காய்ஞ்சு சுத்தமா தெரியும், "லீக் இல்லை"ன்னு எழுந்து போயிடுவாங்க. சூட்டுல ரப்பர் இளகும், விரிசல் வாய் திறக்கும், பெட்ரோலும் ஆவியாகும். ரெண்டும் சேர்ந்தா பம்ப் வெறும் காத்தைத்தான் உறிஞ்சும்.

பார்க்க ஒரு வழி: பம்ப்புக்கு உள்ள வர்ற ஹோஸ் இருக்குல்ல, அந்த இடத்துல சாண் நீளத்துக்குப் பெட்ரோல் தாங்குற, உள்ள ஓடுறது தெரியுற ஹோஸ் போட்டு, கிளாம்ப் இறுக்கி, வீட்டு வாசல்லயே ஐடிலிங்ல ஓட விடுங்க. குமிழ் குமிழா போனா காத்து இழுக்குது. சோதனை முடிஞ்சதும் அதைக் கழட்டிடணும். அதோடயே ஓட்டக் கூடாது, சூட்டுல அது தாங்காது.

ஈரோடு எண்ணூறு:

அக்கா, போட்டுப் பார்த்தேன். ஸ்டார்ட் பண்ணினப்ப சுத்தமா இருந்துச்சு. எஞ்சின் நல்லா சூடானதுக்கு அப்புறம் கடுகு கடுகா குமிழ் வர ஆரம்பிச்சுது. ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்து வச்சா வரிசையா ஓடுது.

ஜாக்கி போட்டுக் கீழ போய்ப் பார்க்கட்டுங்களா?

கண்மணி (மதுரை):

நில்லுங்க. ஜாக்கி மட்டும் போட்டுக் கீழ போகவே கூடாது. ஹாலோ பிளாக், செங்கல் எதுவும் வேண்டாம். பாரம் ஒரு முனையில விழுந்தா சொல்லாம கொள்ளாம நொறுங்கிப் போகும். ஜாக் ஸ்டாண்ட் ரெண்டு வாங்குங்க. உங்க நாற்பதாயிரத்துல முதல் செலவு அதுதான். தளம் சமமா இருக்கணும், எதிர்ப்பக்கம் ரெண்டு சக்கரத்துக்கும் கட்டை கொடுக்கணும், ஸ்டாண்ட்ல இறக்கினதுக்கு அப்புறம் வண்டியைக் கையால நல்லா ஆட்டிப் பார்த்துட்டுத்தான் தலையை உள்ள விடணும். கிட்டத்தட்ட முப்பது வருஷ வண்டின்னா ஜாக்கி வைக்கிற விளிம்பு துரு ஏறியிருக்கும். ஸ்க்ரூ டிரைவர் பிடியால தட்டிப் பாருங்க. 'டங்'னு கேட்டா சரி, 'மொத்'துன்னு கேட்டா அந்த இடத்துல வைக்காதீங்க.

டேங்க் பக்கம் வேலைன்னா பெட்ரோல் கம்மியா இருக்கிற நேரமா பாருங்க. பேட்டரி நெகட்டிவைக் கழட்டிடுங்க. ஹேண்ட் லாம்ப் வேண்டாம், டார்ச் போதும்.

டிங்கர்தாசன்:

அக்கா சொன்னதை அப்படியே செய்யுங்க. எங்க தெருவுலயே ஜாக்கி சரிஞ்சு ஒருத்தருக்குத் தோள்பட்டை போச்சு. அவரு கத்துக்குட்டி இல்லை, தொழில்காரர்.

ஈரோடு எண்ணூறு:

கண்டுபிடிச்சாச்சுங்க!

டேங்க்ல இருந்து இரும்பு பைப்புக்குப் போற சின்ன ஹோஸ். மேல பார்த்தா மண்ணு ஒட்டியிருக்கே தவிர ஒண்ணும் தெரியல. கிளாம்ப்பைத் தளர்த்தி லேசா வளைச்சேன். கிளாம்ப் இருந்த இடத்தை ஒட்டி மயிரிழை மயிரிழையா வட்டமா வெடிப்பு. நகம் வச்சு அமுக்கினா வாய் திறக்குது. கழட்டின ஹோஸுக்குள்ள விரலை விட்டு எடுத்தா கரி மாதிரி கறுப்பா ஒட்டுச்சு. கம்பெனியில இருந்து வந்தப்ப போட்ட ஹோஸாத்தான் இருக்கணும்.

நாலாம் கியர்:

சரி, பம்ப் இல்ல. ஒத்துக்குறேன். ஆனா இந்த கறுப்பு பிசுக்கு எல்லாம் எத்தனால் கலந்த பெட்ரோல் வேலை. 2025-ல நாடு முழுக்க இ20 (இருபது சதம் எத்தனால்) ஆயிடுச்சு. நம்ம மாதிரி பழைய வண்டிக்காரன் கதி அதோகதி. யாரையும் குத்தம் சொல்லல, சும்மா சொல்றேன்.

கண்மணி (மதுரை):

பாதி உண்மை. கிட்டத்தட்ட முப்பது வருஷ ரப்பர் வெறும் பெட்ரோல்லயே வெடிச்சிருக்கும். எத்தனால் அதைக் கொஞ்சம் முன்னாடியே காட்டிக் கொடுத்துடுச்சு, அவ்வளவுதான்.

பழைய வண்டிக்கு எத்தனால் பண்றது மூணு. பழைய ரக ரப்பர், டயஃப்ராம், கேஸ்கட்டை ஊற வச்சு இளக்கும். ஈரத்தை இழுத்துக்கும், அதனால மாசக்கணக்குல நிக்கிற வண்டியில டேங்க்ல துருவும் கார்புரேட்டர்ல அரிப்பும் வரும். மூணாவது, கார்புரேட்டர் வண்டியில கலவை மெலிஞ்சு போகும். வெறும் பெட்ரோலுக்கு 14.7 பங்கு காத்து வேணும், எத்தனாலுக்கு 9 போதும். எம்.பி.எஃப்.ஐ. வண்டியில ஆக்சிஜன் சென்சார் இருந்தா கொஞ்சம் சரிக்கட்டிக்கும். நம்ம கார்புரேட்டர்ல பெட்ரோல் விடுற ஜெட்டுக்கு மூளை கிடையாது, அது துளை அளவுக்குத்தான் விடும். மைலேஜும் கொஞ்சம் இறங்கும், ஏன்னா ஒரு லிட்டர் எத்தனால்ல இருக்கிற சக்தி பெட்ரோல்ல இருக்கிறதுல மூணுல ரெண்டு பங்குதான்.

அதனால தம்பி, ஒரு ஹோஸை மட்டும் மாத்திட்டு நிறுத்தாதீங்க. டேங்க் கழுத்து ஹோஸ், ரிட்டர்ன் ஹோஸ், பம்ப்ல இருந்து கார்புரேட்டருக்குப் போறது, எல்லாத்தையும் மாத்துங்க. மீட்டர் கணக்குல வாங்குங்க. ஹோஸ் மேல எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 முத்திரை இருக்கான்னு பாருங்க, எத்தனாலைத் தாங்குற ரகம். பழைய துண்டைக் கையில எடுத்துக்கிட்டுப் போனா அளவுல தப்பு வராது. கிளாம்ப் ரப்பரை அறுக்காத வழவழப்பு ரகமா எடுங்க. பல்லு வச்ச மலிவு கிளாம்ப்தான் அந்த வட்ட வெடிப்புக்கு ஆரம்பம்.

யாழ் மொறிஸ்:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதிறன். எங்களிட்டை மொறிஸ் மைனர் ஒண்டு நிக்குது, அப்பான்ர கார். எதனோல் பற்றி நீங்கள் கதைக்கிறதைப் பாக்கச் சிரிப்பாயும் கிடக்கு. தொண்ணூறுகளில பொருளாதாரத் தடை நேரம் இஞ்சை பெற்றோல் மருந்துக்கும் இல்லை. எங்கட ஊரில ஒஸ்ரின், மொறிஸ் எல்லாம் மண்ணெண்ணெயிலதான் ஓடினது. காபரேற்றருக்குள்ள துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானாப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்திறது. புகையைக் கேக்க வேண்டாம்.

நாலாம் கியர்:

அண்ணே, இதை 800-ல பண்ணலாமா?

யாழ் மொறிஸ்:

ஐயோ வேண்டாம் தம்பி. அந்தக் காலத்துப் பழைய எஞ்சினுகளுக்கு அமுக்கம் குறைவு, அதால தாங்கினது. அப்பிடியும் பிளக்கில கரி, ஒயிலுக்குள்ள மண்ணெண்ணெய் இறங்கிறது எண்டு ஒவ்வொரு கிழமையும் கழட்டிப் பூட்டினதுதான். வேற வழியில்லாமச் செய்தது. அதாலதான் எங்கட தலைமுறையில கன பேருக்குக் கராச்சுக்குப் போகாமலே கார்வேலை தெரியும்.

பழைய காருக்கு ரப்பர்தான் எமன் எண்டு அப்பா சொல்லுவார். பிறேக் ஹோஸையும் பாருங்கோ. வெளியில நல்லாய் இருக்கும், உள்ளுக்கு வீங்கி அடைச்சிருக்கும். அமத்தினால் பிடிக்கும், விட்டால் விடாது.

கண்மணி (மதுரை):

யாழ் அண்ணே சொன்ன பிரேக் ஹோஸ் ரொம்ப முக்கியம். தம்பி, கொஞ்ச தூரம் ஓட்டிட்டு நாலு சக்கரத்துப் பக்கமும் கையை வச்சுப் பாருங்க (தொடாம, பக்கத்துல). ஒண்ணு மட்டும் தனியா சூடா இருந்தா அந்தப் பக்கம் பிரேக் விடல.

பிரேக் ஆயில் கடைசியா எப்ப மாத்தினீங்க? ஈரத்தை இழுக்கிற சரக்கு அது. தண்ணி சேரச் சேரக் கொதிநிலை இறங்கும். திம்பம் *ஏறுறதைப்* பத்தியே இவ்வளவு பேசிட்டோம். இறங்குறப்ப பிரேக் ஆயில் கொதிச்சா பெடல் தரைக்குப் போகும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை டாட் 3 புதுசா ஊத்தி, பழசை முழுக்க வெளிய எடுங்க. பின்னால டிரம்மைக் கழட்டி வீல் சிலிண்டர் ரப்பர் ஓரத்தைத் தூக்கிப் பாருங்க, ஈரம் இருந்தா மாத்தணும். ஒரு நேரத்துல ஒரு பக்கம் மட்டும் கழட்டுங்க. ஸ்பிரிங் எப்படி மாட்டியிருந்துச்சுன்னு குழம்பினா மறுபக்கத்தைப் பார்த்துக்கலாம். பெடல் மிதிக்க வீட்டுல ஒருத்தரைப் பழக்குங்க. எங்க வீட்டுல அம்மா. "மிதி, பிடி, விடு"ன்னு சொன்னா என்னை விடச் சரியா செய்வாங்க.

ஈரோடு எண்ணூறு:

ஹோஸ் எல்லாம் மாத்தியாச்சு. போன வாரம் திம்பம் ஏறி ஆசனூர் வரைக்கும் போய்ட்டு வந்தேன், எங்கயும் நிக்கல. மூணு மெக்கானிக்குக்குக் கொடுத்த காசுல கால்வாசி கூட ஆகலீங்க. எல்லாருக்கும் நன்றி.

இப்ப அப்கிரேடுக்கு வரட்டுங்களா? எல்.இ.டி. பல்பு ஆர்டர் போடப் போறேன்.

ஒயர்மேன்:

போடாதீர்கள். காரணம் சொல்கிறேன்.

உங்கள் விளக்கின் குழியும் கண்ணாடியும் ஹெச்4 பல்பின் இழை எந்த இடத்தில் இருக்கிறதோ அதற்காக வடிவமைத்தவை. எல்.இ.டி. சில்லு அந்த இடத்தில், அந்த அளவில் இருக்காது. வெளிச்சம் சிதறி எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். உங்கள் சாலையில் விழாது. பழைய வண்டிகளில் விளக்கு மங்கலாக இருப்பதற்குப் பல்பு காரணமே இல்லை, ஒயர்தான். ரெண்டு 60 வாட் பல்பு எரியும்போது பத்து ஆம்பியர் ஓடுகிறது. அது முழுவதும் கிட்டத்தட்ட முப்பது வருடப் பழைய ஸ்டியரிங் சுவிட்ச் வழியாகப் போய் வருகிறது. சுவிட்ச் முனை கருகியிருந்தால், பல்பு மாட்டும் பிளக் பச்சை பூத்திருந்தால், வோல்ட்டேஜ் வழியிலேயே செலவாகிவிடும். பத்து சதவீதம் வோல்ட்டேஜ் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ முப்பது சதவீதம் குறையும்.

எஞ்சினை ஓடவிட்டு, விளக்கைப் போட்டு, பல்பின் பிளக்கிலேயே வோல்ட்டேஜ் பாருங்கள். அடுத்து பேட்டரியில் பாருங்கள். இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று எழுதுங்கள். அதோடு இன்னொரு சோதனை: மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் குமிழிலேயே (கிளாம்ப்பில் அல்ல) வையுங்கள். மறுமுனை எஞ்சின் இரும்பில். யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2, 0.3 வோல்ட் வரை சரி. அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் (கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி) சரியில்லை.

ஈரோடு எண்ணூறு:

பேட்டரியில 13.9. பல்பு பிளக்குல 11.6. செல்ஃப் அடிக்கும்போது எர்த் 0.9 காட்டுது.

ஒயர்மேன்:

2.3 வோல்ட் வழியில் போகிறது. உங்கள் விளக்கு பாதி வெளிச்சத்தில்தான் எரிந்துகொண்டிருக்கிறது. எல்.இ.டி. போட்டிருந்தால் இது தெரியாமலே போயிருக்கும்.

முதலில் எர்த். பேட்டரியில் இருந்து பாடிக்கும் கியர் பாக்ஸுக்கும் போகும் பட்டையைக் கழற்றுங்கள். போல்ட் உட்காரும் இடத்தைப் பளபளவென்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புதுப் பட்டை மாட்டி, மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். விளக்குக் குழிகளின் எர்த் போல்ட்டையும் அப்படியே செய்யுங்கள்.

பிறகு ஹெட்லைட்டுக்கு ரிலே (சிறு கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்). லோ பீமுக்கு ஒன்று, ஹைக்கு ஒன்று. பேட்டரியில் இருந்து தனி ஒயர், 2.5 சதுர மி.மீ. கனம், *பேட்டரிக்குப் பக்கத்திலேயே* ஃபியூஸ். ரிலேக்குப் பக்கத்தில் ஃபியூஸ் வைத்தால் நடுவில் உரசும் ஒயருக்குப் பாதுகாப்பு இல்லை, வண்டி எரியும். பழைய விளக்கு பிளக் இனி ரிலேயை இழுக்க மட்டும்தான். சில ஜப்பானிய வடிவமைப்பு வண்டிகளில் சுவிட்ச் பாசிட்டிவ் பக்கம் இல்லாமல் எர்த் பக்கம் இருக்கும். டெஸ்ட் லாம்ப் வைத்து எது என்று உறுதி செய்துகொண்ட பிறகே ரிலேயின் 85, 86 முனைகளை இணையுங்கள். பல்பு அதே 60/55 வாட் போதும். 100/90 போட்டால் பிளக் உருகும்.

நாலாம் கியர்:

ஒயர்மேன் ஐயா, நான் எல்.இ.டி. போட்டு ரெண்டு வருஷமா ஓட்டுறேன். எனக்கு நல்லாத்தான் தெரியுது.

கண்மணி (மதுரை):

உங்களுக்கு நல்லாத்தான் தெரியும் கியர். எதிர்ல வர்றவங்களைக் கேளுங்க.

ஈரோடு எண்ணூறு:

சரிங்க, எல்.இ.டி. ரத்து. டயரு? 145/70-க்குப் பதிலா 145/80 போட்டா ஸ்பீட் பிரேக்கர்ல அடி இடிக்காதுன்னு கடைக்காரர் சொல்றார்.

கண்மணி (மதுரை):

கணக்குப் போடுவோம். 12 இஞ்ச் ரிம் 304.8 மி.மீ. 145-ல எழுபது சதம் 101.5, ரெண்டு பக்கம் 203. மொத்த விட்டம் 508. எண்பது சதம்னா 304.8 கூட்டல் 232, மொத்தம் 537. வண்டி 14 மி.மீ. உயரும், கடைக்காரர் சொன்னது சரிதான். ஆனா சக்கரம் கிட்டத்தட்ட 6 சதம் பெருசாகுது. மீட்டர் 60 காட்டும்போது நீங்க 63-ல போவீங்க. ஒவ்வொரு கியரும் அதே அளவுக்கு நீளமாகும். 796 சி.சி., நாலு கியர், அதை வச்சு திம்பம் ஏறணும். ரெண்டாம் கியர்ல இழுத்த வளைவை முதல் கியர்ல இழுக்க வேண்டி வரும். ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சா உரசுதான்னும் பார்க்கணும்.

நீங்க மலைக்கு அடிக்கடி போறவர். பழைய அளவே இருக்கட்டும், நல்ல டயரா வாங்குங்க. டயர் ஓரத்துல நாலு இலக்க எண் பார்த்து வாங்குங்க. 2324-ன்னா 2024-ல 23-ஆவது வாரம் செஞ்சது. நம்ம அளவு டயர் மெதுவா விக்கிறதால கடையில பழைய சரக்கு தூங்கும். அடி இடிக்கிறதுக்குக் காரணம் டயர் இல்லாமலும் இருக்கலாம். பின்னால ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும், பம்ப் ஸ்டாப் ரப்பர் (ஸ்பிரிங் அமுங்கி இடிக்காம தடுக்குறது) பொடியாப் போயிருக்கும். அதைப் பாருங்க முதல்ல.

அலாய் வீலைப் பத்தி எனக்குக் கருத்து இல்லை. அழகுக்கு நான் எதிரி இல்லை. ஆனா காசு போடுற வரிசை ரப்பர், பிரேக், எர்த், கூலன்ட், டயர். மிச்சம் இருந்தா பாட்டுப் பொட்டி.

டிங்கர்தாசன்:

கூலன்ட்டுன்னு சொன்னீங்களே, அங்க ஒரு அடி அடிக்கணும். தம்பி, ரேடியேட்டர் மூடியை (வண்டி ஆறினதுக்கு அப்புறம்) திறந்து பாருங்க. பச்சையா இருக்கா, டீத்தண்ணி மாதிரி இருக்கா? நம்ம பக்கம் போர் தண்ணியை ஊத்தி ஊத்தி உள்ள உப்புப் படிஞ்சு கிடக்கும். அப்புறம் வண்டி சூடாகும். உடனே "தெர்மோஸ்டாட்டைக் கழட்டி எறி"ன்னு ஒரு வைத்தியம் இருக்கு. எங்க ஊர்ல பாதி 800-ல தெர்மோஸ்டாட் கிடையாது. அது இல்லாம ஓடினா எஞ்சின் சூடேற நேரமாகும், பெட்ரோல் குடிக்கும், ஆயில்ல கசடு சேரும். சூடாகிற காரணம் மட்டும் அப்படியே இருக்கும். ரேடியேட்டரைக் கழுவி, புது தெர்மோஸ்டாட் போட்டு, டிஸ்டில்டு வாட்டர்ல கலந்த கூலன்ட் ஊத்துங்க. ஃபேன் தானா ஓடுதான்னு பாருங்க. சில பேரு டேஷ்போர்டுல சுவிட்ச் வச்சு நேரா இணைச்சிருப்பாங்க, மறந்தா அவ்வளவுதான்.

டைமிங் பெல்ட் எப்ப மாத்தினதுன்னு தெரியலன்னா, மாத்தலன்னே வச்சுக்கிட்டு மாத்திடுங்க. கிலோமீட்டர் ஓடாட்டியும் வருஷக் கணக்குல அதுவும் ரப்பர்தான்.

சாமானுக்குக் கவலை வேண்டாம். 800 தயாரிப்பு 2014-ல நின்னாலும் இதே எஃப்8பி எஞ்சின் ஆம்னியில 2019 வரைக்கும் ஓடுச்சு. எஞ்சின் உள்சாமான் நிறைய பொதுவானது. பாடி சாமான்தான் தேடணும். அதுக்குப் புதுப்பேட்டைதான்.

புது டிரைவர்:

அண்ணா, இவ்வளவு செலவு பண்ணி 2027-ல எஃப்.சி.க்கு (தகுதிச் சான்று) காட்டணுமே, அப்ப விடுவாங்களா?

டிங்கர்தாசன்:

விடாம என்ன. பதினஞ்சு வருஷத்துக்கு அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.சி. புதுப்பிக்கணும். வண்டி சரியா இருந்தா விடுவாங்க. ஃபீஸ்தான் ஏறிப்போச்சு. 2022 ஏப்ரல்ல காருக்கு ஐயாயிரம் ஆக்கினாங்க, 2025 ஆகஸ்ட்ல இருபது வருஷம் தாண்டின காருக்குப் பத்தாயிரம். பசுமை வரி தனி. தம்பி இப்பவே தனியா எடுத்து வைக்கிறது நல்லது. பார்க்கிறது பிரேக், லைட், ஹாரன், புகை, துரு. ஒயர்மேன் ஐயா சொன்ன மாதிரி ரிலே போட்டு அதே பல்பை எரிய விட்டா யாரும் கேட்க மாட்டாங்க. கலர் மாத்துறது, எஞ்சின் மாத்துறதுன்னா ஆர்.டி.ஓ.-வுல முன்கூட்டியே அனுமதி வாங்கணும், மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு.

ஆமா, துருன்னு சொன்னேனே. கால் மிதி கார்ப்பெட்டைத் தூக்கி அடியில ஒரு தடவை பார்த்துடுங்க. பேட்டரி உட்காருற தட்டையும் பாருங்க. ஓட்டை சின்னதா இருந்தா இப்பவே தகடு வெட்டி வெல்டிங் வைக்கலாம். பட்டியை வச்சுப் பூசி மறைக்கிறவன்கிட்ட மட்டும் கொடுக்காதீங்க. வெல்டிங் வைக்கும்போது பேட்டரியைக் கழட்டி வைக்கணும், டேங்க் பக்கம்னா டேங்க்கையே இறக்கிடணும்.

ஈரோடு எண்ணூறு:

கார்ப்பெட்டைத் தூக்கினேனுங்க. டிரைவர் பக்கம் பரவாயில்லை. இடது பக்கம் கை அகலத்துக்கு இத்துப்போயிருக்கு, ஸ்க்ரூ டிரைவர் உள்ள போகுது. மழைத் தண்ணி எங்க இருந்து வருதுன்னு தெரியல.

எர்த் பட்டை மாத்தினதுல 0.9 இருந்தது 0.15 ஆயிடுச்சு. செல்ஃப் சத்தமே வேற மாதிரி இருக்கு. ரிலே வேலை அடுத்து.

டிங்கர்தாசன்:

தண்ணி வர்ற வழியைக் கண்டுபிடிக்காம தகடு வைக்காதீங்க, அதுவும் இத்துப்போகும். முன் கண்ணாடி ரப்பர் மேல மூலையில இருந்து ஆரம்பிச்சு, கதவு பீடிங், வைப்பருக்குக் கீழ காத்து வர்ற சல்லடை, இப்படி ஒவ்வொரு இடமா மெதுவா குழாய்த் தண்ணி விடுங்க. ஒருத்தர் உள்ள டார்ச்சோட உட்கார்ந்து பார்க்கணும். சல்லடைக்கு அடியில இலை அடைச்சிருந்தா அங்க இருந்துதான் வரும். உங்க வண்டி எந்த மரத்தடியில நிக்குது?

ஈரோடு எண்ணூறு:

வேப்பமரம்.

டிங்கர்தாசன்:

அப்ப சல்லடையில ஆரம்பிங்க.